மட்சுவே பேய் நடை: இருட்டையே முதலாகப் போட்ட ஒரு மாலைச் சுற்றுலா

ஜப்பானில் மாலை நேர நடைச் சுற்றுலா என்றால் இரண்டு பெயர்கள் முதலில் வரும். கியோட்டோவின் கியோன், டோக்கியோ ஷின்ஜுகுவில் இருக்கும் கோல்டன் கை. முதலாவது கெய்ஷா தெரு. இரண்டாவது, நாலு பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் குட்டி மதுக்கடைகள் 200-க்கும் மேல் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் சந்துகள். இரண்டுமே இன்று கூட்டத்தில் மூச்சு முட்டுகின்றன. ஒரு மாலை நடை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் இந்த ஆய்வுக்கு அவற்றை எடுக்கவில்லை. எடுத்துக்கொண்டது மட்சுவே என்ற ஊர். ஜப்பான் கடல் பக்கம், ஷிஞ்ஜி ஏரிக்கரையில், சுமார் 2 லட்சம் பேர் வசிக்கும் நகரம். ஷிமானே மாகாணத்தின் தலைநகர். மக்கள்தொகையில் 47 மாகாணங்களில் ஷிமானே கடைசிக்கு முந்தைய இடத்தில் இருக்கிறது. ஷின்கான்சென் அதிவேக ரயில் அதன் எல்லைக்குள் வருவதில்லை. ஒகயாமாவில் இறங்கி ‘யகுமோ’ விரைவு ரயிலில் மலைகளைக் கடந்து இன்னும் சுமார் இரண்டரை மணி நேரம் போக வேண்டும்.

இப்படிப்பட்ட ஊரில் 2008 ஆகஸ்டில் ‘மட்சுவே கோஸ்ட் டூர்’ என்ற பெயரில் ஒரு நடை தொடங்கியது. பொழுது சாயும் நேரத்தில் கோட்டையருகே கூடி, ஒரு கதைசொல்லியின் பின்னால் சுமார் 2 மணி நேரம் நடந்து, நான்கு இடங்களில் நின்று பேய்க் கதை கேட்பது. அவ்வளவுதான் திட்டம். புதிதாக எதுவும் கட்டவில்லை. கோட்டையைத் தவிர்த்தால் போகிற மூன்று இடங்களும் மேற்கு அகழிக்கு அப்பால், நகபாரா, சொதொநகபாரா பகுதிகளில் இருக்கும் கோவில்கள். தாழ்ந்த வீடுகள், மதில்கள், கல்லறைகள் நிறைந்த அந்தப் பகுதிக்கு, ஒரு கோவிலைத் தவிர்த்தால், பகலிலேயே வெளியூர்க்காரர்கள் அதிகம் வருவதில்லை.

5 மணிக்குக் கதவு சாத்தும் ஊர்

மட்சுவேயில் பார்க்க ஒன்றுமில்லை என்று சொல்ல முடியாது. 1611-ல் ஹொரியோ யொஷிஹாரு கட்டிய கோட்டை இருக்கிறது. மரத்தாலான பழைய கட்டடமாகவே ஜப்பானில் எஞ்சியிருக்கும் 12 கோட்டை மாடங்களில் அதுவும் ஒன்று. 2015-ல் தேசியப் பொக்கிஷமாக அறிவித்தார்கள். கோட்டையைச் சுற்றியுள்ள அகழியில் 1997 முதல் படகுச் சவாரி நடக்கிறது. ரயிலில் ஒரு மணி நேரம் போனால் இசுமோ பெருங்கோவில். பக்கத்து யசுகி நகரில், தோட்டத்துக்காகவே பெயர் வாங்கிய அதாச்சி கலை அருங்காட்சியகம்.

சிக்கல் என்னவென்றால் இவை எல்லாமே பகல் வேலை. மாலை 5 மணி தொடங்கி ஒவ்வொன்றாகக் கதவை மூடும். வந்தவர் தமட்சுகூரி வெந்நீர் ஊற்று விடுதிக்குப் போய்விடுவார், இல்லாவிட்டால் திரும்பும் ரயிலைப் பிடிப்பார். சுற்றுலாவை நம்பும் சிறு நகரங்கள் எல்லாவற்றுக்கும் இந்த வலி உண்டு: ஆள் வருகிறார், படம் எடுக்கிறார், ராத்தங்காமல் போகிறார். ராத்தங்கினால்தான் இரவுச் சாப்பாடு, காலை டிபன், மறுநாள் ஒரு டாக்ஸி என்று காசு ஊருக்குள் இறங்கும்.

மட்சுவேயிடம் மாலைக்கென்று ஏற்கெனவே ஒரு சொத்து இருந்தது. ஷிஞ்ஜி ஏரியில் விழும் சூரியன். அதை அந்த ஊர் எவ்வளவு மதிக்கிறது என்பதற்கு ஒரு சான்று: ஏரிக்கரையில் 1999-ல் திறந்த ஷிமானே மாகாணக் கலை அருங்காட்சியகம், மார்ச் முதல் செப்டம்பர் வரை கடிகாரத்தைப் பார்த்துக் கதவை மூடுவதில்லை. சூரியன் மறைந்து 30 நிமிடம் கழித்து மூடுகிறது. அரசு நிறுவனம் ஒன்று பொழுதுக்கு ஏற்ப வேலை நேரத்தை மாற்றிக்கொள்வது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். சரி, சூரியன் மறைந்த பிறகு என்ன செய்வது? அங்கேதான் பேய் நடை நுழைகிறது. அதன் புறப்படும் நேரமும் மறையும் சூரியனைப் பார்த்தே மாதத்துக்கு மாதம் மாறும். ஜூன் கடைசியில் அங்கே சூரியன் மறைய ஏழரை மணி நெருங்கிவிடும்; டிசம்பரில் 5 மணியை ஒட்டியே மறைந்துவிடும்.

கதைகள் எங்கிருந்து வந்தன

1890 ஆகஸ்ட் இறுதியில் இந்த ஊருக்கு ஓர் ஆங்கில ஆசிரியர் வந்து சேர்ந்தார். பெயர் லஃப்காடியோ ஹெர்ன். கிரேக்கத் தாய்க்கும் ஐரிஷ் தந்தைக்கும் 1850-ல் லெஃப்காடா தீவில் பிறந்து, டப்ளினில் வளர்ந்து, அமெரிக்காவில் சின்சினாட்டியிலும் நியூ ஆர்லியன்ஸிலும் பத்திரிகையாளராக இருந்தவர். பதின்ம வயதில் இடக்கண் பார்வை போனது. வலக்கண்ணுக்கும் கடுமையான கிட்டப்பார்வை. கண் கொடுக்காததைக் காதால் வாங்கிக்கொண்டவர் அவர். மட்சுவேயைப் பற்றி அவர் எழுதியது விடியற்காலையில் கேட்கும் ஓசைகளிலிருந்தே தொடங்குகிறது: அரிசி குற்றும் உலக்கையின் அதிர்வு, கோவில் மணி, தெருவில் கூவி விற்பவர்களின் குரல்.

அந்த ஊரில் அவர் இருந்தது ஒன்றேகால் வருடத்துக்கும் குறைவு. அதற்குள் பழைய சாமுராய் குடும்பத்துப் பெண்ணான கொய்சுமி செட்சுவோடு வாழ்க்கை அமைந்தது. குளிர் தாங்காமல் 1891 நவம்பரில் தெற்கே குமாமொட்டோவுக்குக் கிளம்பினார். 1896-ல் ஜப்பானியக் குடியுரிமை பெற்று கொய்சுமி யகுமோ ஆனார். 1904-ல் டோக்கியோவில் இறந்தார். உலகம் அவரைப் பேய்க் கதைகளைத் தொகுத்தவராக நினைவில் வைத்திருக்கிறது. அந்தக் கதைகளில் பலவற்றை அவருக்குச் சொன்னவர் செட்சு.

இந்த ஆய்வுக்கு முக்கியமானது செட்சு கதை சொன்ன விதம். கணவர் இறந்த பின் எழுதிய நினைவுக் குறிப்பில் அவரே அதைச் சொல்லியிருக்கிறார். ஆள் நடமாட்டம் இல்லாத இரவில் விளக்கின் திரியைத் தாழ்த்திவிட்டுக் கதையைத் தொடங்குவார். புத்தகத்தைப் பார்த்துப் படிக்க ஹெர்ன் விடமாட்டார். உன் பேச்சில், உன் வார்த்தையில், உன் எண்ணமாகச் சொல் என்பார். பிடித்த இடம் வந்தால் முகம் வெளுத்துப்போகும். அந்த வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வார்.

கேட்பவர், சொல்பவர், குறைந்த வெளிச்சம். பேய் நடையின் மொத்த வடிவமும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடுகிறது. மட்சுவேக்காரர்கள் அந்த அறையை எடுத்துத் தெருவில் வைத்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதைச் செய்தவர்களில் முதன்மையானவர் கொய்சுமி போன். ஹெர்னின் கொள்ளுப்பேரன், நாட்டார் வழக்காற்று ஆய்வாளர், மட்சுவேயில் உள்ள கொய்சுமி யகுமோ நினைவு அருங்காட்சியகத்தின் இயக்குநர். பேய் நடைக்கு முன்பே, 2004-ல், ‘சூப்பர் ஹெர்ன்’ என்ற பெயரில் சிறுவர்களுக்கான வகுப்பொன்றைத் தொடங்கியிருந்தார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், ஹெர்னைப் போல ஐந்து புலன்களாலும் ஊரைக் கவனிக்கப் பழக்குவது அதன் வேலை. பேய் நடையைப் பெரியவர்களுக்கான அதன் இரவு வகுப்பு என்று சொன்னால் மிகையில்லை. வெளியே இதற்கு முன்மாதிரிகளும் இருந்தன. எடின்பரோ, டப்ளின், நியூ ஆர்லியன்ஸ் நகரங்களில் பேய் நடைகள் வெகுநாளாக நடக்கின்றன. கடைசி இரண்டும் ஹெர்ன் வாழ்ந்த ஊர்கள் என்பது தற்செயல்தான், ஆனால் சுவையான தற்செயல்.

நடத்துவது மட்சுவே சுற்றுலா ஆய்வுக் கழகம் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு. கோட்டையையும் ஹெர்ன் அருங்காட்சியகத்தையும் நகராட்சியிடமிருந்து ஏற்று நிர்வகிப்பதும் இதே அமைப்புதான். இது சாதாரணத் தகவல் போலத் தெரியலாம். நடைமுறையில் பாதி வெற்றி இதில்தான் இருக்கிறது. பகலில் நுழைவுச்சீட்டு கொடுப்பவரும், மாலையில் ஆட்களைக் கூட்டிப்போகிறவரும் ஒரே நிர்வாகம் என்றால், யாரிடம் அனுமதி கேட்பது, யார் பொறுப்பு என்ற இழுபறி பெரிதும் குறைந்துவிடும்.

நான்கு நிறுத்தங்கள்

முதல் நிறுத்தம் கோட்டை வளாகத்தில் உள்ள கிரிகிரி கிணற்றின் தடம். கோட்டை கட்டும்போது ஓரிடத்தில் கல்மதில் மறுபடி மறுபடி சரிந்ததாம். தோண்டிப் பார்த்தால் ஈட்டி பாய்ந்த மண்டையோடு ஒன்று கிடைத்தது. அதை எடுத்து முறைப்படி சடங்கு செய்த பிறகே மதில் நின்றது என்பது கதை. இதோடு இன்னொன்றும் சேரும். மதில் நிற்பதற்காக ஒரு பெண்ணை உயிரோடு புதைத்தார்கள். அவள் அழகி, ஆடுவதில் ஆசை உள்ளவள். அதனால் ஊரில் எந்தப் பெண் ஆடினாலும் கோட்டைக்குன்று நடுங்கும் என்பதால் தெருவில் ஆடவே தடை போட்டார்கள் என்று ஹெர்ன் எழுதியிருக்கிறார்.

கதை கதைதான். ஆனால் கதைசொல்லியின் கையில் இங்கே ஓர் ஆயுதம் இருக்கிறது: ஆவணத்தில் உள்ள வரலாறு. கோட்டையைக் கட்டிய யொஷிஹாரு, அது முடிந்த 1611-லேயே இறந்தார். அவருக்கு முன்பே மகன் இறந்திருந்தார். பேரன் வாரிசில்லாமல் 1633-ல் இறக்க, ஹொரியோ வம்சம் அத்தோடு சரி. அடுத்து வந்த கியோகொகு தததகாவும் வாரிசு இல்லாமல் 1637-ல் போய்ச் சேர்ந்தார். 1638-ல் தொகுகாவா இயெயசுவின் பேரன் மட்சுதைரா நவோமசா வந்த பிறகுதான் கோட்டையில் ஒரு குடும்பம் நிலைத்தது. யாரும் இட்டுக்கட்டாத இந்த வருடங்களை இருட்டில், அந்தக் குழியின் ஓரத்தில் நின்று கேட்டால், புதைத்த பெண் கதையை ஊர் ஏன் விடாமல் வைத்திருந்தது என்பது விளங்கும்.

இரண்டாவது, மட்சுதைரா குடும்பத்தின் கெஷ்ஷோஜி கோவில். முதல் பிரபுவிலிருந்து ஒன்பதாவது பிரபு வரை எல்லோருடைய சமாதியும் இங்கே இருக்கிறது. ஜூனில் ஹைட்ரேஞ்சியா பூக்களுக்காகப் பகலில் கூட்டம் வரும். மாலையானால் அடைத்துவிடும் கோவில் இது. நடையில் வருகிறவர்களுக்காகத் திறக்கிறது. உள்ளே ஆறாவது பிரபுவின் சமாதி முன்னால், முதுகில் உயரமான கல்வெட்டைச் சுமந்த ஒரு ராட்சதக் கல் ஆமை நிற்கிறது. அதை வைத்தவர் ஏழாவது பிரபு ஹருசாட்டோ. தேநீர்க் கலையில் ஃபுமாய் என்ற பெயரால் புகழ்பெற்றவர். மட்சுவே இன்றும் இனிப்புப் பலகாரங்களுக்குப் பெயர்போன ஊராக இருப்பது அவர் புண்ணியம். அவர் அப்பாவுக்காக வைத்த ஆமை, இரவானால் நடக்கத் தொடங்கியதாம். தாமரைக் குளத்தில் நீந்தப் போனது என்கிறது ஹெர்ன் கேட்ட கதை. ஊருக்குள் போய் ஆட்களைத் தின்றது என்கிறது ஊரில் சொல்லும் கதை. அதை அடக்கத்தான் முதுகில் அவ்வளவு பெரிய கல்லாம். பகலில் அதே ஆமையின் தலையைத் தடவினால் ஆயுள் நீளும் என்று சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நின்று தடவிவிட்டுப் போகிறார்கள்! இரவு வருகிறவருக்கு அது வேறு மிருகம்.

மூன்றாவது நிறுத்தம் செய்கோயின். மட்சுகாஸே என்ற பெண், தன்மேல் ஆசைப்பட்ட சாமுராயின் வாளுக்குத் தப்பி ஓடிவந்து இங்கே படியில் விழுந்து செத்தாள், ரத்தக்கறை போகவில்லை என்பது கதை. நான்கில் இது எனக்கு மெலிந்ததாகவே படுகிறது. இது போன்ற ஒரு கறை ஜப்பானில் பல கோவில்களில் உண்டு.

நான்காவது, நகபாராவின் தையோஜி. நடை முழுவதும் இந்த ஒரு கதைக்காகத்தான் என்றால்கூட ஒத்துக்கொள்வேன்.

நகபாராவில் மிசுஆமே விற்கும் ஒரு சின்னக் கடை. மிசுஆமே என்பது முளைகட்டிய தானியத்தில் செய்யும் பாகு. தாய்ப்பால் இல்லாத குழந்தைக்கு அதைக் கொடுப்பார்கள். தினமும் இரவு வெகுநேரம் கழித்து, வெளிறிய முகமும் வெள்ளை உடையுமாக ஒரு பெண் வந்து ஒரு ரின் காசுக்குப் பாகு வாங்கிப் போவாள். யென்னில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு ரின். ஏன் இப்படி இளைத்திருக்கிறாய் என்று கடைக்காரர் கேட்டாலும் பதில் வராது. ஒருநாள் பின்னாலேயே போனார். அவள் கல்லறைப் பக்கம் திரும்பினாள்; இவர் பயந்து வீட்டுக்கு வந்துவிட்டார். மறுநாள் இரவு அவள் மறுபடி வந்தாள். பாகு கேட்கவில்லை, வா என்று கை காட்டினாள். இந்த முறை நண்பர்களையும் கூட்டிக்கொண்டு போனார். ஒரு சமாதியருகே அவள் மறைய, மண்ணுக்கடியிலிருந்து குழந்தை அழும் சத்தம். தோண்டித் திறந்தார்கள். உள்ளே அந்தப் பெண்ணின் பிணம். பக்கத்தில் உயிரோடு ஒரு குழந்தை, விளக்கு வெளிச்சத்தைப் பார்த்துச் சிரிக்கிறது. அதன் அருகே ஒரு சின்னக் கிண்ணத்தில் மிசுஆமே.

இதே கதை கியோட்டோவிலும் உண்டு. அங்கே அந்தப் பேயின் பெயரிலேயே மிட்டாய் விற்கும் கடை இன்றும் நடக்கிறது. அதனால் மட்சுவே இதைத் தனக்கே சொந்தம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. இங்கே கூடுதலாக இருப்பது, கதையின் கடைசியில் ஹெர்ன் சேர்த்த ஒரே வரி: அன்பு சாவைவிட வலியது என்ற கருத்து. அவருடைய அம்மா 1854-ல் நாலு வயதுப் பிள்ளையை டப்ளினில் விட்டுவிட்டுக் கிரேக்கத்துக்குத் திரும்பினார். அதன் பிறகு பிள்ளை தாயைப் பார்க்கவே இல்லை. இது தெரிந்த பின் அந்தக் கிண்ணம் வேறு மாதிரி தெரியும். கதைசொல்லி இதை விளக்கிச் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். விட்டால் இன்னும் நல்லது என்பது என் கட்சி. பயமுறுத்துவதாகச் சொல்லி அழைத்து வந்த நடை, கடைசியில் ஆளை அழவைத்து அனுப்புகிறது. வரிசையில் இந்தக் கதை கடைசியாக நிற்பது சாமர்த்தியம். ஆமையையோ ரத்தக்கறையையோ கடைசியில் வைத்திருந்தால் இந்த நடை ஒரு சாதாரண திகில் பொழுதுபோக்காகப் போயிருக்கும்.

எதையெல்லாம் செய்யவில்லை

எடின்பரோவின் சில பேய் நடைகளில், இருட்டு மூலையிலிருந்து வேஷம் போட்ட ஆள் ஒருவர் திடீரென்று பாய்ந்து வருவார். கூட்டம் அலறும், சிரிக்கும், அடுத்த மூலைக்குப் போகும். மட்சுவேயில் அந்த வேலை கிடையாது. சொல்பவர் குரலும் இடமும்தான். ஜப்பானில் இதற்குப் பழைய மரபு இருக்கிறது. தொகுகாவா குடும்பம் ஜப்பானை ஆண்ட எடோ காலத்தில் நண்பர்கள் கூடி நூறு விளக்கு ஏற்றி வைத்து, ஒரு கதைக்கு ஒரு விளக்காக அணைத்துக்கொண்டே போவார்கள். கடைசி விளக்கு அணையும்போது ஏதாவது வரும் என்று நம்பிக்கை. பேய்க் கதைக்கு அங்கே பருவமும் உண்டு. கோடைதான் அது, முன்னோர்கள் வீடு திரும்பும் ஓபோன் நாட்களை ஒட்டி. இந்த நடை ஆகஸ்டில் தொடங்கியது காலண்டர் பார்த்துச் செய்த காரியம்.

பக்கத்திலேயே நேர் எதிரான இன்னோர் உதாரணம் இருக்கிறது. தொத்தோரி மாகாணத்தின் சகாயிமினட்டோ, மாங்கா எனும் ஜப்பானியச் சித்திரக்கதைக் கலைஞர் மிசுகி ஷிகெரு வளர்ந்த மீன்பிடித் துறைமுகம். கடைத்தெரு காலியாகிக்கொண்டு வந்ததால், 1993-ல் அவர் வரைந்த பூதங்களுக்கு வெண்கலச் சிலை வைக்க ஆரம்பித்தார்கள். முதலில் 23 சிலைகள். இன்று 170-க்கும் மேல். 2018-ல் தெருவைப் புதுப்பித்தபோது, இரவில் பூதங்களின் நிழல் தரையில் விழும்படி விளக்குகளும் போட்டார்கள். அது பெரிய வெற்றி, அதில் சந்தேகமில்லை. பணமும் கூட்டமும் அங்கேதான் அதிகம். ஆனால் ஒரு சின்ன நகரத்து அமைப்பு அதைப் பார்த்து நகல் எடுக்கக் கிளம்பினால், சிலைக்கு முதலீடு, பராமரிப்பு, உரிமத் தொகை என்று முதலிலேயே மூச்சு வாங்கும். மட்சுவேயின் செலவு மனிதச் செலவு: கதை சொல்லத் தெரிந்த சிலரை உருவாக்குவது, மூன்று கோவில்களோடு உறவைக் கெடுத்துக்கொள்ளாமல் வைத்திருப்பது.

இந்த இரண்டாவதை லேசாக நினைக்கக் கூடாது. கல்லறைகளுக்கு நடுவே நடப்பது என்றால், அங்கே புதைந்திருப்பவர்களின் பேரப்பிள்ளைகள் இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார்கள் என்று பொருள். கோவிலின் வரும்படியும் அவர்களிடமிருந்துதான். ஒரு குழு சத்தம் போட்டுச் சிரித்து, சமாதிமேல் சாய்ந்து செல்ஃபி எடுத்தால் போதும், மறுமாதம் கோவில் கதவு திறக்காது. வேஷம் போட்டுப் பாயும் ஆளை இங்கே கற்பனை செய்துபார்த்தால், ரசனையை விடுங்கள், அனுமதியே ஒரு வாரம் தாங்காது.

கியோன் ஏன் கசந்தது

ஒப்பிட கியோட்டோவைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கியோனில் மாலை 5, 6 மணிவாக்கில் கெய்ஷா ஆகப் பயிற்சி பெறும் மைகோ பெண்கள் விருந்துகளுக்குக் கிளம்புவார்கள். நடைச் சுற்றுலாக்களும் அதே நேரத்தைத்தான் குறிவைத்தன. வழி மறித்துப் படம் எடுப்பது, கிமோனோவைப் பிடித்து இழுப்பது எல்லாம் நடந்தது. 2019-ல் தனியார் சந்துகளில் படமெடுக்கத் தடை போட்டு, மீறினால் 10,000 யென் என்று பலகை வைத்தார்கள். அதிலும் அடங்காமல் 2024-ல் சில சந்துகளில் வெளியாட்கள் நுழையவே கூடாது என்று குடியிருப்போர் முடிவெடுத்தார்கள்.

கூட்டம் அதிகம் என்பது ஒரு காரணம். 2024-ல் ஜப்பானுக்கு வந்த வெளிநாட்டவர் 3 கோடியே 68 லட்சத்துக்கும் மேல். அதில் கணிசமானவர்கள் கியோட்டோவை எட்டிப் பார்க்கிறவர்கள். ஆனால் அதைவிட அடிப்படையான காரணம், அந்த நடை எதைக் காட்டுவதாகச் சொல்லி அழைக்கிறது என்பது. கியோனில் காட்சிப் பொருள், வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் உயிருள்ள ஒரு பெண். கோல்டன் கையில், குடிக்க வந்த உள்ளூர் வாடிக்கையாளர். மட்சுவேயில் காட்சிப் பொருள் என்று யாரும் இல்லை. இருக்கிறவர்கள் செத்து முந்நூறு, நானூறு வருடம் ஆனவர்கள். அல்லது என்றுமே இல்லாதவர்கள். நகபாராவில் குடியிருப்பவர் தன் வீட்டு ஜன்னலில் விளக்கைப் போட்டுக்கொண்டு டிவி பார்க்கலாம்; நடந்து போகிறவர்களுக்கு அவரிடம் ஒரு வேலையும் இல்லை. கதவிடுக்கில் எட்டிப் பார்ப்பதற்கு ஆசை வராதபடி அமைந்த நடை இது. குடியிருப்புப் பகுதியில் மாலை நடை நடத்த நினைக்கும் யாரும் முதலில் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுவே: நாம் பார்க்க அழைத்துப்போவது யாரை?

கணக்கு எங்கே இடிக்கிறது

குறைகளுக்கு வருவோம். முதல் இடி, சாப்பாட்டு நேரம். ஜப்பானிய மரபு விடுதிகளில் ஓர் இரவுத் தங்கலுக்கு இரண்டு வேளைச் சாப்பாடு சேர்த்துத்தான் கட்டணம். இரவு விருந்து 6 மணி, மிஞ்சினால் 7 மணி. பத்துப் பன்னிரண்டு பதார்த்தங்களாக அது மெதுவாக வந்துகொண்டிருக்கும். கோடையில் பேய் நடை கிளம்புவதே அந்த நேரத்தில்தான். ஆக, தமட்சுகூரியில் பணம் கட்டித் தங்குகிறவர் நடைக்கு வர வேண்டுமென்றால் விருந்தை விட வேண்டும். நடை இயல்பாகப் பொருந்துவது ரயில் நிலையப் பக்கம் சாப்பாடில்லாத ஹோட்டலில் அறை எடுக்கும் ஆட்களுக்கு: தனியாகப் பயணிப்பவர், இளைஞர்கள், இரண்டு பேராக வரும் தோழிகள். அதிகம் செலவு செய்யும் விருந்தினரும் ஊரின் சிறந்த மாலை நிகழ்ச்சியும் சந்திக்காமலே போகின்றன.

இரண்டாவது, வானம். அந்தக் கடற்கரைப் பகுதியில் ஒரு சொலவடை உண்டு: மதியச் சாப்பாட்டுப் பெட்டியை மறந்தாலும் குடையை மறக்காதே. குளிர்காலத்தில் மழையும் பனியும் மாறி மாறி வரும். ஹெர்னையே ஊரைவிட்டு விரட்டிய குளிர் அது. சீக்கிரமே இருட்டும் டிசம்பர், ஜனவரி மாதங்கள் பேய்க்கு உகந்தவை, காலுக்கு உகந்தவை அல்ல.

மூன்றாவது, மொழி. இதுதான் பெரிது. நடை முதன்மையாக ஜப்பானிய மொழியில் நடக்கிறது. சட்டம் இதற்குத் தடையில்லை. வெளிநாட்டு மொழியில் கட்டணம் வாங்கி வழிகாட்ட உரிமம் கட்டாயம் என்று 1949 முதல் இருந்த விதியை 2018 ஜனவரியில் தளர்த்திவிட்டார்கள். பயண முகவர் பதிவும், போக்குவரத்தோ தங்குமிடமோ சேர்த்து விற்றால்தான் தேவை. வெறுமனே நடத்திக் காட்டுவதற்கு வேண்டாம். டோக்கியோ, ஒசாகாவின் மாலை நடைகளுக்கு ஆங்கிலம் பேசும் இளைஞர்கள் நிறைய வந்தது இந்தக் கதவு திறந்ததால்தான். ஆனால் அங்கே வழிகாட்டி சொல்வது தகவல்: இந்தக் கடையில் இது நல்லா இருக்கும், இந்தச் சந்து போர் முடிந்தபின் கறுப்புச் சந்தையாக இருந்தது என்று. தகவலை எந்த மொழியிலும் சொல்லிவிடலாம். மட்சுவேயில் விற்பது சொல்லும் விதம். நடுவில் நின்று ஒருவர் மொழிபெயர்த்தால், கிண்ணத்தில் பாகு இருந்தது என்ற வரி இரண்டு முறை வரும். இரண்டாவது முறை வரும்போது அதற்கு உயிர் இருக்காது. இதற்கு ஒரே வழி, ஆங்கிலத்திலேயே கதை சொல்லத் தெரிந்தவரைத் தனியாக உருவாக்குவது. வேடிக்கை என்னவென்றால், இந்தக் கதைகளில் பலவற்றை ஹெர்ன் புத்தகமாக வெளியிட்டதே ஆங்கிலத்தில்தான், 1894-ல். ஆங்கிலத்தில் பிறந்த பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு ஆங்கிலம் பேசும் விருந்தாளியைத் திருப்பி அனுப்புவது வீண்.

வருமானத்தைப் பொறுத்தவரை, இது என்றைக்கும் பெரிய தொகை தராது. ஒரு கதைசொல்லியின் குரல், மைக் இல்லாமல், எத்தனை பேருக்குக் கேட்குமோ அத்தனை பேர்தான் ஒரு குழு. இருமடங்கு ஆட்களைச் சேர்த்தால் வருமானம் இரண்டு மடங்காகும், நடை பாதியாகிவிடும். கோவில்களும் ஒரே மாலையில் நாலைந்து குழுவைத் தாங்காது. அதனால் இதைத் தனித் தொழிலாக எடைபோட்டால் சுமாரானதுதான். ஓர் இரவு தங்க வைக்கும் காரணமாகப் பார்த்தால் கணக்கு மாறும்.

கூட்டம் வந்த பிறகு

2025 செப்டம்பர் கடைசியில் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே தன் காலைத் தொடராக ‘பகேபகே’வை ஒளிபரப்பத் தொடங்கியது. கதாநாயகி செட்சுவை மாதிரியாகக் கொண்டவர், களம் மட்சுவே. காலைத் தொடர் எடுக்கும் ஊருக்கு அரை வருடம் கூட்டம் வந்து குவிவது ஜப்பானில் வழக்கம். தொடர் முடிந்ததும் அது வடிவதும் வழக்கம். நடையை நடத்துகிறவர்களுக்கு இதுவே கடினமான காலம். தேவை ஏறும்போது நாள்களைக் கூட்டலாம், குழுவைப் பெருக்கலாம் என்று எல்லாப் பக்கமிருந்தும் நெருக்கடி வரும்.

என்னைக் கேட்டால் இருக்கும் பாதையில் ஆள் சேர்ப்பதைவிட இன்னொரு பாதை போடுவேன். கோட்டைக்கு வடகிழக்கே ஃபுமோன்-இன் என்ற கோவில் இருக்கிறது. அதன் பக்கத்தில் முன்பு ஒரு பாலம் இருந்ததாகவும், அதில் இரவு நேரத்தில் ‘ககிட்சுபாட்டா’ என்ற ‘நோ’ மரபு நாடகப் பாட்டைப் பாடவே கூடாது என்றும் ஹெர்ன் எழுதி வைத்திருக்கிறார். பயமில்லாத சாமுராய் ஒருவன் வேண்டுமென்றே உரக்கப் பாடினான். ஒன்றும் வரவில்லை. சிரித்துக்கொண்டே வீட்டு வாசலுக்கு வந்தால், அழகான ஒருத்தி, என் எஜமானி கொடுத்தாள் என்று ஒரு பெட்டியை நீட்டிவிட்டு மறைந்தாள். பெட்டிக்குள் ஒரு குழந்தையின் தலை. உள்ளே ஓடினால், தரையில் கிடந்தது அவனுடைய குழந்தைதான்.

பாகுக் கிண்ணக் கதையில் செத்த தாய் குழந்தையைக் காப்பாற்றுகிறாள். இதில் உயிரோடிருக்கும் அப்பன் தன் வீம்பால் குழந்தையைப் பறிகொடுக்கிறான். இரண்டையும் ஒரே மாலையில் வைத்தால் ஒன்று மற்றதை அமுக்கிவிடும். தவிர, ஒன்று கோட்டைக்கு மேற்கே, மற்றது வடகிழக்கே. ஏற்கெனவே 2 மணி நேரம் பிடிக்கும் நடையில் அதைச் சொருக இடமும் இல்லை. ஆகவே அதற்குத் தனி மாலை ஒன்று வேண்டும். இரண்டையும் கேட்க விரும்புகிறவர் மட்சுவேயில் இரண்டு ராத்திரி தங்க வேண்டியிருக்கும்.